பழைய ஸ்பானியத் தொலைக்காட்சி ஃபிளமெங்கோ: எதிலிருந்து தொடங்குவது? சுற்றி ஏன் இவ்வளவு சத்தம்?

தெருவிளக்கு:

எல்லோருக்கும் வணக்கம். சக்தி குழுவில் எல். சங்கரின் வயலினையும் விக்கு விநாயக்ராமின் கடத்தையும் கேட்கப் போய், அப்படியே அந்தக் குழுவின் கிடார்காரர் ஜான் மெக்லாக்லின் பின்னால் நடந்து, அவர் 1980 டிசம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் பாகோ டி லூசியா, அல் டி மியோலா என்ற இரு கிடார்காரர்களோடும் வாசித்த கச்சேரியில் வந்து மாட்டிக்கொண்டவன் நான். பாகோவிலிருந்து, தென் ஸ்பெயினின் ஃபிளமெங்கோ இசையைப் பாடிய கமரோன். அதற்குப் பிறகு யூடியூப் தானாகவே கறுப்பு வெள்ளைத் துண்டுகளாக எடுத்துப் போட்டுக்கொண்டே இருக்கிறது.

உண்மையைச் சொன்னால் ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு பாட்டி நாற்காலியில் உட்கார்ந்து கத்துகிறார். பக்கத்தில் ஒருவர் கிடாரில் நாலு சுரம் போட்டுவிட்டுச் சும்மா இருக்கிறார். சுற்றி இருப்பவர்கள் பாட்டைக் கேட்பதாகவே தெரியவில்லை. பேசுகிறார்கள், மேசையைத் தட்டுகிறார்கள், நடுவில் கூச்சல் வேறு. கீழே பின்னூட்டத்தில் உலகமே அழுதுகொண்டிருக்கிறது. எதற்கு என்று யாராவது சொன்னால் புண்ணியம். கிடாருக்காகப் பார்ப்பவன் எதிலிருந்து தொடங்கலாம்? அந்த இரைச்சல் இல்லாத பதிவுகள் உண்டா?

பழையரேடியோ:

தம்பி, நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் ஒரே தொடரின் துண்டுகளாக இருக்கும். பெயர் ‘ரித்தோ இ ஹியோக்ரஃபியா டெல் காந்தே’. பாட்டின் சடங்கும் நிலமும் என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்பெயினின் அரசுத் தொலைக்காட்சி 1971 அக்டோபரிலிருந்து 1973 வரை ஒளிபரப்பியது. சுமார் 100 பகுதிகள், ஒவ்வொன்றும் அரை மணி நேரம். இயக்கம் மாரியோ கோமெஸ். எழுத்தும் நேர்காணலும் ஹோசே மரியா வெலாஸ்கெஸ் கஸ்தேலு, பெத்ரோ துர்பிகா.

அந்தத் தொடருக்கு முன்பும் தொலைக்காட்சியில் ஃபிளமெங்கோ வந்தது. மாட்ரிட் அரங்குக்குப் பாடகரை வரவழைப்பார்கள். பின்னால் அட்டையில் செய்த ஜன்னல், பூத்தொட்டி. அவர் நின்று பாடிவிட்டுப் போவார். இவர்கள் தலைகீழாகச் செய்தார்கள். 16 மில்லிமீட்டர் கேமராவைத் தூக்கிக்கொண்டு பாடகரின் ஊருக்கே போனார்கள். உத்ரெரா, லெப்ரிஹா, ஹெரேஸ், மொரோன், காதிஸ், செவியாவின் த்ரியானா. வீட்டு முற்றம், மதுக்கடையின் பின்கட்டு, அடுப்பங்கரைக்குப் பக்கத்து அறை, எங்கே அவர்கள் வழக்கமாகப் பாடுவார்களோ அங்கே.

பிலிமில் எடுத்ததில் இன்னொரு லாபமும் உண்டு. அந்தக் காலத்தில் வீடியோ நாடா விலை அதிகம். ஒளிபரப்பு முடிந்ததும் அழித்துவிட்டு மேலேயே இன்னொன்றைப் பதிவது உலகம் பூராவும் நடந்ததுதான். பிலிமை அப்படி அழித்துத் திரும்ப ஓட்ட முடியாதே. பெட்டியில் கிடந்தது, பிழைத்தது.

எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டால் ஒரே பதில்தான். ஃபெர்னாண்டா டி உத்ரெரா பாட, தியேகோ டெல் கஸ்தோர் கிடார் வாசிக்கும் சொலெயா என்ற வகைப் பாட்டு. கிடாருக்காக வந்தவருக்கும் அதுதான் வாசல்.

இரைச்சல் இல்லாத பதிவு கேட்கிறீர்கள். அதைப் பற்றி நீங்களே பத்து நாள் கழித்துச் சொல்வீர்கள்.

ஆறாவதுகம்பி:

பழையரேடியோ ஐயா சொன்னதற்கு மேல் ஒன்று. தியேகோவைப் பாகோவின் அளவுகோலால் அளக்காதீர்கள். பாகோவின் பிக்காதோ, இரண்டு விரல் மாற்றி மாற்றி ஓடுவது, தோட்டா மாதிரி. தியேகோவிடம் அந்த வேகம் கிடையாது, அவர் தேடியதும் இல்லை. கட்டைவிரல், இடது கையின் இழைப்பு, நடுவில் விடும் மௌனம், அவ்வளவுதான் சொத்து. 1908-ல் மாலகா மாகாணத்தில் பிறந்து, வாழ்நாளின் பெரும்பகுதியை மொரோன் டி லா ஃப்ரொந்தேரா என்ற ஒரே ஊரில் கழித்தவர். ஸ்டூடியோவில் உட்கார்ந்து இசைத்தட்டு போடுவதில் அவருக்கு நாட்டமில்லை. ஊருக்கு வெளியே அமெரிக்க விமானப்படைத் தளம் இருந்ததாலும், டான் போரன் என்ற அமெரிக்கர் அங்கே தங்கி ஃபிளமெங்கோ பற்றி எழுதியதாலும், 60களில் வெளிநாட்டு இளைஞர்கள் கிடாரும் டேப் ரெக்கார்டருமாக வந்து குவிந்தார்கள். இன்று நமக்குக் கிடைக்கும் தியேகோவில் பாதி அவர்கள் பிடித்த நாடா. முகத்தோடும் கையோடும் பார்க்க வேண்டுமென்றால் ரித்தோ.

அவர் இறந்தது 1973 ஜூலை. தொடர் அப்போது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

கத்திரிவெயில்:

எல்லோரும் இதைக் கோயில் மாதிரி கும்பிடுவதால் ஒரு குறுக்குக் கேள்வி. ‘அவர்கள் வழக்கமாகப் பாடும் இடம்’ என்கிறீர்கள். வீட்டு முற்றத்தில் விளக்கு வைத்து, கேமரா வைத்து, ஒலிவாங்கி வைத்து, மேசையில் மது பாட்டிலை அழகாக எடுத்து வைத்து, ‘ம், இப்போது இயல்பாகப் பாடுங்கள்’ என்றால் அது இயல்பா? அரங்கத்துப் பூத்தொட்டிக்குப் பதில் ஏழ்மைச் சுவர். இரண்டுமே செட்டுதான்.

அப்புறம், அந்தத் தொடர் ஒரு கட்சிக்காரர்கள் எடுத்தது. பாடகர் அந்தோனியோ மைரேனா 1962-ல் கோர்தோபாவில் தங்கச் சாவி என்ற விருதை வாங்கினார். அடுத்த ஆண்டு கவிஞர் ரிகார்டோ மொலினாவோடு சேர்ந்து எழுதிய நூலில், அசல் பாட்டு சில ஹித்தானோ (ஸ்பெயின் ஜிப்சி) குடும்பங்களின் இரத்தத்தில் வருவது என்கிற கோட்பாட்டை நிறுவினார். பத்து வருடம் எல்லோரும் அதையே பேசினார்கள். பெப்பே மார்ச்செனா போல இனிய குரலில் பாடியவர்கள் ‘தரம் குறைந்தவர்கள்’ ஆனார்கள். குரல் கரகரத்தால்தான் உண்மை. இந்த ரசனையோடுதான் கேமராவும் போயிருக்கிறது.

பழையரேடியோ:

கேள்வி நியாயம்தான். பதிலும் இருக்கிறது. மைரேனாவின் நிழல் தொடரில் நீளமாகவே விழுகிறது, மறுக்கவில்லை. ஆனால் அதே தொடரில்தான் பெப்பே எல் டி லா மத்ரோனா இருக்கிறார். 1887-ல் பிறந்தவர், படம் எடுத்தபோது 80 தாண்டியிருந்தது, ஹித்தானோ அல்ல. என்ரீக்கே மொரெந்தே இருக்கிறார், அவரும் அல்ல. பாடகர் ஃபோஸ்ஃபொரித்தோ, மாலகா பக்கத்துப் பாட்டுகள், உவெல்வாவின் ஃபாந்தாங்கோ பாட்டுகள் எல்லாம் தனித்தனிப் பகுதியாக வந்தன. ஒரே கட்சி என்றால் இவர்கள் எப்படி உள்ளே வந்தார்கள்?

செட்டு விஷயம்: விளக்கு வைத்தார்கள், சரி. விளக்கை வைத்து ஃபெர்னாண்டாவின் குரலை உடைக்க முடியுமா?

கத்திரிவெயில்:

முடியாது. அதை ஒப்புக்கொள்கிறேன். மற்றதை ஒப்புக்கொள்ளவில்லை :)

நிலாச்சோறு:

ஆண்களே, கிடாரை விட்டுக் கொஞ்சம் அந்தப் ‘பாட்டி’க்கு வருவோமா. தெருவிளக்கு, நீங்கள் ‘நாற்காலியில் உட்கார்ந்து கத்துகிறார்’ என்று எழுதியது தீயா அனீக்கா லா பிரின்யாகாவாக இருக்கலாம் என்று என் ஊகம். ஹெரேஸ்காரர், 1899-ல் பிறந்தவர். ‘தீயா’ என்றால் அத்தை, பெரியம்மா மாதிரி. ஊரே அப்படித்தான் கூப்பிட்டது. கணவர் இருந்தவரை வெளியே பாட விடவில்லை. அவர் போன பிறகுதான் வாயைத் திறந்தார். அதாவது, நீங்கள் பார்க்கும் அந்தக் கிழவியின் பாட்டு பல பத்தாண்டுகள் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தது.

அவர் சொன்னதாக ஃபிளமெங்கோக்காரர்கள் எல்லோரும் சொல்லும் ஒரு பேச்சு உண்டு: நன்றாக அமைந்து பாடும்போது வாயில் இரத்தத்தின் ருசி வரும் என்று. இதைத் தெரிந்துகொண்டு மறுபடி பாருங்கள். இனிமையாகப் பாட முயன்று தோற்கும் குரல் இல்லை அது. இனிமை அவருடைய வேலையே இல்லை.

உத்ரெராவின் ஃபெர்னாண்டா, பெர்னார்தா அக்கா தங்கையும் அப்படித்தான். மேடைக்குப் போவதில் வீட்டில் தயக்கம். 1952-ல் எட்கர் நெவில் எடுத்த ஃபிளமெங்கோ ஆவணப்படத்தில் இருவரும் வருகிறார்கள். வண்ணப் படம், அழகழகான காட்சிகள். ரொந்தா ஊரின் பெரும் பள்ளத்தாக்குக்கு முன்னால் நடனக் கலைஞர் அந்தோனியோ ஆடுவது அந்தப் படத்தில்தான். அதையும் ரித்தோவையும் ஒரே நாளில் அடுத்தடுத்துப் பாருங்கள். அதில் அவர்களை அலங்கரித்து நிறுத்தியிருக்கிறார்கள். இருபது வருடம் கழித்து இதில் உட்கார வைத்திருக்கிறார்கள். உட்கார்ந்ததும் பாட்டு இறங்கிவிடுகிறது.

தெருவிளக்கு:

‘கத்துகிறார்’ என்று எழுதியதற்கு மன்னிக்கவும் அக்கா. சொலெயா பார்த்தேன், மூன்று முறை. குரல் உடைவது புரிகிறது. ஆனால் தாளம் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. கிடார் எங்கேயோ நிற்கிறது, அம்மா எங்கேயோ தொடங்குகிறார். ஆளாளுக்கு ஒரு பக்கம் போவதாகத்தான் கேட்கிறது.

இன்னொன்று. கூடவே வாசித்துப் பழகலாம் என்று உட்கார்ந்தால் சுருதி எந்த ஃப்ரெட்டிலும் ஒட்டவில்லை. கெப்போவை, அதாவது கம்பிகளை அழுத்தும் கவ்வியை, இரண்டில் வைத்தால் தாழ்ந்திருக்கிறது, மூன்றில் வைத்தால் ஏறியிருக்கிறது. பதிவேற்றியவர் வேகத்தை மாற்றிவிட்டாரா?

ஆறாவதுகம்பி:

இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன், எனக்கு அதுதான் பிடித்தது.

வேகம் மாறுவதற்கு ஒரு வழி உண்டு. சினிமாப் படம் நொடிக்கு 24 சட்டம். ஐரோப்பியத் தொலைக்காட்சி 25. 24-ல் எடுத்ததை அப்படியே 25-ல் ஓட்டினால் நூற்றுக்கு நாலு பங்கு வேகம் கூடும், சுருதியும் ஏறும். எவ்வளவு ஏறும் என்றால் ஒரு ஃப்ரெட்டின் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு. நீங்கள் சொல்வது போல இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்தான் போய் நிற்கும். பழைய சினிமாக் காட்சிகளில் இதைச் சந்தேகப்படலாம். தொலைக்காட்சிக்கென்றே எடுத்தவற்றை ஐரோப்பாவில் வழக்கமாக 25-லேயே எடுப்பார்கள் என்பதால், ரித்தோவில் நான் முதலில் சந்தேகப்படுவது இதை அல்ல.

சாதாரணக் காரணம்தான்: அவர்கள் டியூனரை வைத்துச் சுருதி சேர்க்கவில்லை. கிடாரின் கம்பிகளை ஒன்றுக்கொன்று மட்டும் சேர்த்துக்கொள்வார்கள். அப்புறம் செஹியாவை, அதாவது கெப்போவை, பாடுபவரின் தொண்டைக்கு எங்கே பொருந்துகிறதோ அங்கே மாட்டுவார்கள். அறையில் இருக்கும் ஒரே சுருதிப்பெட்டி அந்த அம்மாவின் கழுத்துக்குள் இருக்கிறது. நீங்கள் உங்கள் கிடாரை அவர்களுக்கு இறக்குங்கள். ஆறு கம்பியையும் கொஞ்சம் தளர்த்தினால் போயிற்று. கை நிலை எதுவென்று முதலில் பாருங்கள். இ வடிவத்தில் வாசித்தால் ‘மேலே’ என்பார்கள், ஏ வடிவத்தில் வாசித்தால் ‘நடுவில்’. சொலெயாவுக்கு இரண்டும் உண்டு. அதைக் கண்டுபிடித்துவிட்டால் கெப்போ எந்த எண்ணில் இருக்கிறது என்பது சில்லறை விஷயம்.

தாளம்: பன்னிரண்டு எண்ணிக்கை. அழுத்தம் விழுவது 3, 6, 8, 10, 12. சத்தமாக எண்ணிப் பாருங்கள். முதலில் மும்மூன்றாகப் போய், பாதியில் இரண்டிரண்டாக மாறும். அந்த மாறும் இடத்தில்தான் எல்லாம் இருக்கிறது. புலெரியா என்ற பாட்டு வகையும் இதே பன்னிரண்டுதான், நாலுகால் பாய்ச்சலில்.

மழைத்தாளம்:

குறுக்கே வருகிறேன். பன்னிரண்டை இப்படி 3+3+2+2+2 என்று உடைப்பதைப் பார்த்ததும் நம் தாளக் கணக்கு நினைவுக்கு வருகிறது. ஹித்தானோக்கள் இந்தியாவிலிருந்து போனவர்கள் என்பது மொழி ஆய்விலேயே நிறுவப்பட்ட விஷயம். அப்படியென்றால் இது இங்கிருந்து போன தாளமாக ஏன் இருக்கக் கூடாது?

பழையரேடியோ:

மொழி வட இந்தியாவிலிருந்து போனது, சரி. தாளமும் மூட்டை கட்டிக்கொண்டு போயிற்று என்பதற்கு அது சான்றாகாது. மும்மூன்றும் இரண்டிரண்டுமாக மாறி மாறி வரும் நடை ஸ்பெயினின் பழைய நடனங்களிலேயே இருக்கிறது. ஃபிளமெங்கோ என்று நாம் சொல்லும் உருவம் 19-ம் நூற்றாண்டு அந்தலூசியாவில் பல கைகள் சேர்ந்து பிசைந்தது. எல்லாவற்றையும் நம் வீட்டுக் கொல்லையிலிருந்து தொடங்க வேண்டாமே.

மழைத்தாளம்:

ஆசை யாரை விட்டது ஐயா.

ஆறாவதுகம்பி:

தெருவிளக்கு, தாளம் பிடிபட ஒரு உபாயம். பாடுபவரைப் பார்க்காதீர்கள். கிடார்காரரையும் பார்க்காதீர்கள். சட்டத்தின் ஓரத்தில் யாராவது மேசைமேல் கை வைத்து உட்கார்ந்திருப்பார், அந்தக் கையைப் பாருங்கள். விரல் கணுவால் மரத்தில் தட்டிக்கொண்டிருப்பார். தாளம் அங்கேதான் தங்கியிருக்கிறது. அவர் தட்டுவதால்தான் மற்ற இரண்டு பேரும் நடுவில் காணாமல் போய்விட்டுத் திரும்பி வர முடிகிறது.

மாட்ரிட்வாடகைவீடு:

இந்த இழையை இப்போதுதான் பார்த்தேன். வேலை நிமித்தம் ஆறு வருடமாக மாட்ரிட்டில் இருக்கிறேன். ‘இரைச்சல்’ பற்றி எழுதியிருந்தீர்கள், அதற்காக ஒரு சொந்தக் கதை.

இரண்டு வருடம் முன்பு ஹெரேஸ் போயிருந்தபோது ஒரு பென்யாவில் உட்கார முடிந்தது. பென்யா என்றால் ஃபிளமெங்கோ ரசிகர் மன்றம். சின்னக் கூடம், மரநாற்காலிகள், சுவர் முழுக்கப் போட்டோ. ஒருவர் செகிரியா என்ற வகைப் பாட்டைப் பாடத் தொடங்கினார். நம்மூர்ப் பழக்கத்தில் மரியாதையாக மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் கை சும்மா இருக்காமல் செல்பேசியை எடுத்து உயர்த்தினேன். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. என் மணிக்கட்டை இரண்டு விரலால் தொட்டுக் கீழே இறக்கிவிட்டார். பாட்டின் இன்னொரு அடி முடிந்ததும் அடித்தொண்டையில் ‘ஓலே’ என்றார். கத்தவில்லை, முனகல்தான். பாடகர் கண்ணைத் திறக்காமலே தலையை அந்தப் பக்கம் திருப்பினார். அடுத்த அடி முன்னதைவிட நீளமாக வந்தது.

அன்றைக்குத்தான் அது புத்தியில் பட்டது. அந்தப் பெரியவர் பாராட்டவில்லை. ‘கேட்டேன், மேலே போ’ என்று பதில் சொன்னார். அந்தப் பதிலுக்கு ஹலேயோ என்று பெயர். எங்கே சொல்ல வேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. தப்பான இடத்தில் ஓலே சொன்னால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். (இதையும் அனுபவித்துத்தான் எழுதுகிறேன்.)

அதனால் இரைச்சல் இல்லாத பதிவு கேட்பது, இரண்டு பேர் பேசுவதில் ஒருவர் குரலை மட்டும் வெட்டித் தரச் சொல்வது போல.

நிலாச்சோறு:

இதைத்தான் சொல்ல நினைத்தேன், நீங்கள் ஆள் வைத்துச் சொல்லிவிட்டீர்கள். ரித்தோவின் கேமராக்காரரைக் கவனித்தால் அவருக்கும் இது தெரிந்திருக்கிறது என்று தோன்றும். பாட்டு உச்சத்துக்குப் போகும்போது பாடுபவரை விட்டு விலகிக் கேட்பவரின் முகத்துக்குப் போய்விடுவார். தொலைக்காட்சியில் அது பாவம். நட்சத்திரத்தை விட்டுவிட்டு யாரோ ஒரு மாமாவைக் காட்டுவதா? ஆனால் அந்த மாமாவின் நெற்றி சுருங்குவதில்தான் பாட்டு விழுந்த இடம் தெரிகிறது.

சுண்ணாம்புச்சுவர்:

ஒரு சிறு அரசியல் குறிப்பு, இழையைத் திசைதிருப்ப அல்ல. 1971–73 என்பது ஃபிராங்கோ ஆட்சி. அவர் இறந்தது 1975 நவம்பர். சுற்றுலா விளம்பரத்துக்குப் புள்ளி போட்ட பாவாடையும் சிரித்த முகமுமாக ஃபிளமெங்கோவை அரசே விற்றுக்கொண்டிருந்த காலம். அதே அரசின் தொலைக்காட்சியில், கூலிக்காரர் வீட்டுச் சுண்ணாம்புச் சுவரையும் கொல்லர் கையையும் பல் விழுந்த வாயையும் அரை மணி நேரம் காட்ட முடிந்திருக்கிறது. வந்தது இரண்டாம் அலைவரிசையில். மக்கள் அதை யுஹெச்எஃப் என்றுதான் சொன்னார்கள். 1966-ல் தொடங்கியது, நாடு முழுக்க எட்டவில்லை, பார்ப்பவர் குறைவு. பார்ப்பவர் குறைவு என்பதால் கண்டுகொள்ளாமல் விட்டார்களோ என்னவோ. மொரெந்தே அதே 1971-ல்தான் மிகேல் எர்நாந்தெஸின் கவிதைகளைப் பாடி இசைத்தட்டு வெளியிட்டார். 1942-ல் ஃபிராங்கோவின் சிறையில் செத்த கவிஞர் அவர். விவரம் தெரிந்தவர்களுக்கு யார் என்ன பாடுகிறார்கள் என்று புரிந்திருக்கும்.

கத்திரிவெயில்:

மறுபடி நான்தான். சத்தமில்லாமல் நாற்பது பகுதி பார்த்துவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். புகார் குறையவில்லை, திசை மாறியிருக்கிறது. இவ்வளவு தெரிந்தவர்கள் ஏன் இரண்டு வருடம் முன்னால் தொடங்கவில்லை?

நின்யா டி லோஸ் பெய்னெஸ் என்று பெயர் பெற்ற பாடகி பஸ்தோரா பாவோன் செவியாவில் இறந்தது 1969 நவம்பர். கணவர் பெப்பே பிந்தோ அதற்குச் சில வாரம் முன்பு. அந்தம்மா 1910-லிருந்து இசைத்தட்டு கொடுத்தவர். ஒரு நூற்றாண்டுப் பாட்டுக்குத் தாய். ரித்தோவின் முதல் ஒளிபரப்பு 1971 அக்டோபர். இந்த இடைவெளியை நினைத்தால் வயிறு எரிகிறது. அவரைப் பற்றிய பகுதியில் அவரைப் பற்றிப் பேசுகிறார்கள். அவர் இல்லை.

பழையரேடியோ:

இப்போது நீங்கள் எங்கள் கட்சி.

ஆனால் மறுபக்கமும் பாருங்கள். மனோலோ கரகோல் 1922 கிரானடா போட்டியில் சிறுவனாகப் பரிசு வாங்கியவர். இசையமைப்பாளர் ஃபாயாவும் கவிஞர் லோர்காவும் கூட்டிய போட்டி அது. அவர் 1973 பிப்ரவரியில் மாட்ரிட் அருகே கார் விபத்தில் போனார். அதே ஜூலையில் தியேகோ. 75-ல் காதிஸின் லா பெர்லா. 81-ல் ஹெரேஸின் தெர்ரெமோத்தோ. இவர்கள் எல்லோரையும் அந்தக் கேமரா பிடித்துவிட்டது. ஐந்து வருடம் தள்ளிப் போயிருந்தால் பாதிப் பேர் போட்டோவாகத்தான் இருந்திருப்பார்கள்.

ஆறாவதுகம்பி:

பெயரும் தேதியும் இல்லாத துண்டுகளைப் பற்றி யாரும் பேசவில்லை, தெருவிளக்குக்கு உதவும் என்று எழுதுகிறேன். பாகோ இருக்கும் பதிவு என்றால் முதலில் தாளக் கருவியைப் பாருங்கள். ‘எந்த்ரே தோஸ் அகுவாஸ்’ ரும்பா வெளியானது 1973. அதன் புகழ்பெற்ற பழைய தொலைக்காட்சிப் பதிவில் பக்கத்தில் இருப்பது போங்கோ என்ற ஜோடிக் கை மேளம். கஹோன் என்கிற மரப்பெட்டி மேல் உட்கார்ந்து ஒருவர் தட்டினால் அது 70களின் கடைசிக்கு முந்தியது அல்ல. அந்தப் பெட்டி பெரு நாட்டுக் கறுப்பின மக்களுடையது. பாகோ அங்கே சுற்றுப்பயணம் போனபோது பார்த்து வாங்கி வந்தார். இன்று ஃபிளமெங்கோ என்றாலே அந்தப் பெட்டி என்று ஆகிவிட்டது. ‘பழம்பெரும் ஃபிளமெங்கோ, 1965’ என்று தலைப்புப் போட்டுக் கஹோனோடு ஒரு காணொளி பல லட்சம் பார்வை வாங்கியிருக்கிறது. சிரித்துவிட்டுக் கடந்து போங்கள்.

கமரோன் என்றால் இன்னும் சுலபம், முகமே நாட்காட்டி. ரித்தோவில் 21, 22 வயதுப் பையன், மழித்த முகம். வெளுத்த தலையும் நிறமும் இருந்ததால்தான் கமரோன், அதாவது இறால், என்று பெயர் வைத்தார் மாமா. அவருடைய பகுதியில் அம்மா ஹுவானாவும் வருகிறார். அவர் வாயைத் திறந்ததும் பையன் எங்கிருந்து வந்தான் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. தாடி, நீள முடி என்றால் 79-ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ. பக்கத்தில் கிடாரோடு தொமதீத்தோ இருப்பார். மெலிந்து, கண் குழிந்திருந்தால் 90களின் தொடக்கம். 1992 ஜூலையில் போய்விட்டார், 41 வயது.

தெருவிளக்கு:

இரண்டு வாரம் ஆயிற்று. கம்பிகளைத் தளர்த்தி அவர்கள் சுருதிக்கே இறக்கினேன், ஒட்டிக்கொண்டது. ஆனால் கிடாரை ஓரமாக வைத்துவிட்டேன் என்பதுதான் செய்தி.

தியேகோ, ஃபெர்னாண்டா சொலெயாவையே திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஆறாவதுகம்பி சொன்னபடி கையை மட்டும் பார்த்து எண்ணினேன். மூன்றாம் நாள் பன்னிரண்டு தானாக ஓட ஆரம்பித்தது. அதற்குப் பிறகுதான் தியேகோ செய்வது தெரிந்தது. ஃபெர்னாண்டா ஒரு சொல்லின் நடுவில் மூச்சு போதாமல் நின்றுவிடுகிறார். பயிற்சி பெற்ற பாடகி யாரும் அங்கே நிற்க மாட்டார். தியேகோ அந்த ஓட்டையை நிரப்பவில்லை. கையைக் கம்பியின் மேலேயே வைத்துக்கொண்டு அவர் வாயைப் பார்க்கிறார். எனக்கு எட்டு, ஒன்பது என்று மனசுக்குள் எண்ணம் ஓடுகிறது. பத்தில் ஒரே ஒரு கட்டைவிரல். ஃபெர்னாண்டா அதைப் பிடித்துக்கொண்டு மிச்சச் சொல்லை முடிக்கிறார்.

நான் முதல் பதிவில் ‘நாலு சுரம் போட்டுவிட்டுச் சும்மா இருக்கிறார்’ என்று எழுதியிருந்தேன். அதை அழிக்க வழி உண்டா?

நிலாச்சோறு:

அழிக்காதீர்கள், இருக்கட்டும். அடுத்தது லெப்ரிஹா போங்கள். மரியா லா பெர்ராத்தா, பாடகர் எல் லெப்ரிஹானோவின் அம்மா. வீட்டுக்காரர்கள் சுற்றி உட்கார்ந்திருக்கும் பாட்டு என்றால் என்ன என்று அங்கே தெரியும்.

கத்திரிவெயில்:

பெர்ராத்தாவுக்குப் போகும் முன் அகுஹெத்தாஸ். கொல்லர் குடும்பம். மார்த்தினேத்தே என்றால் பட்டறைப் பாட்டு, கிடாரே கிடையாது. தெருவிளக்குக்கு நல்ல பயிற்சி.

தெருவிளக்கு:

கிடாரே கிடையாதா? சரி, இன்றைக்கு ராத்திரி.

மாட்ரிட்வாடகைவீடு:

ஸ்பானியத் தொலைக்காட்சியின் சொந்தத் தளத்திலேயே பகுதிகளை வைத்திருக்கிறார்கள், அங்கே பாருங்கள். வெட்டி ஒட்டிய துண்டுகளில் முதலில் போவது கேட்பவர்களின் முகம்தான்.